கம்பெனி செட் அப்படியே இருக்கணும், சத்தம் மட்டும் மாறணும்: யோசனை சொல்லுங்கள்

#1 · கதவுச்சத்தம் · மதுரை

வணக்கம். வண்டி 2019 ஹேட்ச்பேக், நடு மாடல். பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், வேண்டாம். நான்கு கதவிலும் ஸ்பீக்கர் உண்டு, ட்வீட்டர் (மேல் சுருதிக்கான குட்டி ஸ்பீக்கர்) கிடையாது. மேல் மாடலில் ட்வீட்டர் வரும் இடத்தில் எனக்கு வெறும் பிளாஸ்டிக் மூடி. டேஷ்போர்டில் 7 அங்குலத் திரையோடு கம்பெனி செட். ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் அதோடுதான் இணைந்திருக்கின்றன.

ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரிவதில்லை. நான்குவழிச் சாலையில் ஏறி 90-ஐத் தொட்டால் டயர் சத்தம் பாட்டை விழுங்கிவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் குரல் பிசிறுகிறது. நான் அதிகம் கேட்பது கச்சேரி. மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்கும். இடப்பக்கத் தொப்பியின் கனத்த அடி எங்கே போகிறதென்றே தெரியாது. அந்த நேரத்தில் கதவில் கை வைத்தால் தகரம் நடுங்குவது தெரிகிறது.

மாற்ற ஆசை, ஆனால் வெளியே எதுவும் தெரியக் கூடாது. வண்டியை அப்பாவும் ஓட்டுகிறார், டேஷ்போர்டில் ஒரு பட்டன் இடம் மாறினாலும் அவருக்குக் கோபம் வரும். டிக்கி முழுசாக வேண்டும், மாதா மாதம் ஊரிலிருந்து அரிசி மூட்டை வரும். நாளைக்கு விற்கும்போது பழையபடி மாட்டிக் கொடுக்க முடிய வேண்டும். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன். 9 அங்குல ஆண்ட்ராய்டு திரை, பின்னால் தட்டில் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, டிக்கியில் 12 அங்குல சப் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நான் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்ன செய்யலாம்?

#2 · டிக்கிசப் · கோவை

கடைக்காரர் சொன்னது சரிதானே? 35,000-க்கு அதைவிட நல்ல செட்டிங் கிடைக்காது. அரிசி மூட்டையைப் பின் சீட்டில் போடுங்கள்.

#3 · ஸ்பேனர்செட் · திருச்சி

பதினோரு வருடம் கார் ஆடியோ கடையில் வேலை பார்த்தவன். இப்போது வேறு தொழில், அதனால் உண்மையைச் சொல்வதில் நஷ்டம் இல்லை.

உங்கள் கை உங்களிடம் சரியாகவே சொல்லியிருக்கிறது. குறை முதலில் கதவில்தான். வீட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள், கனமான மரப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். வண்டியில் அந்தப் பெட்டி எது? கதவு. அதிலும் மெல்லிய தகரம், உள்பக்கம் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், அதை மூட ஒரு பாலிதீன் ஷீட். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் நேரெதிர். பின்பக்கக் காற்று அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கத்தோடு கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ் சுருதியில்தான் இது அதிகம் நடக்கும். உங்கள் தொப்பி அடி போகுமிடம் அதுதான்.

அதனால் முன் கதவு இரண்டையும் முதலில் எடுங்கள். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) கழற்றி, வெளித்தகரத்தின் உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, 2 மில்லிமீட்டர் ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். மேலே அலுமினியத் தாள் இருக்கும். உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், ஷீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. வெளித்தகரம் முழுக்க ஒட்டச் சொல்லிக் காசு கறப்பார்கள், தேவையில்லை. அதிரும் தகரத்தின் நடுப்பகுதியில் கால்வாசி பரப்புக்கு ஒட்டினாலே பெரும்பகுதி அதிர்வு அடங்கிவிடும். விரலால் தட்டிப் பாருங்கள், டங்கென்பது டொக்கென்று மாறினால் போதும். மிச்ச ஷீட்டை உள்தகரத்து ஓட்டைகளை மூட வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டைக்கு ஷீட் மட்டும் தாங்காது, மெல்லிய அலுமினியத் தகடு வைத்து அதன்மேல் ஒட்ட வேண்டும்.

தார் ஷீட் என்று மலிவாக ஒன்று விற்பார்கள், தொடவே வேண்டாம். மதுரை மே மாத வெயிலில் கதவுத் தகரம் கொதிக்கும்போது இளகி வழியும், வண்டிக்குள் சாலை போடுகிற வாசனை வரும். ஒருவருக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டு நானே இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறேன்.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை மூடிவிடாதீர்கள். கண்ணாடி ஓரமாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறும் வழி அதுதான். மூடினால் துரு.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. சில வண்டிகளில் பக்கவாட்டில் வேறு வண்டி மோதியதைக் கண்டுபிடிக்கும் ஏர்பேக் சென்சார் கதவுக்குள் உயரும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் கதவுத் தகரத்தை வெட்டுவதோ, கம்பெனி அடைத்திருக்கும் அடைப்பை மாற்றுவதோ கூடாது. சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

#4 · கதவுச்சத்தம்

இவ்வளவு நாள் ஸ்பீக்கரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, கதவைச் சரிசெய்துவிட்டு நல்ல ஸ்பீக்கரைக் கம்பெனி செட்டிலேயே மாட்டினால் போதாதா? செட் கையேட்டில் 4×50 வாட் என்று போட்டிருக்கிறது. 200 வாட் வண்டிக்குள் தாராளமில்லையா?

#5 · மின்னல்விசை · நெல்லை

அந்த 50 வாட் காகிதத்தில் மட்டும்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்குவது) சிப்பு பிரிட்ஜ் முறையில் வேலை செய்கிறது. அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் அலையின் உச்சி, அதிகபட்சம் அந்த 14.4 வோல்ட்தான். 14.4-ஐ அதாலேயே பெருக்கி, 2-ஆல் வகுத்து, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 26 வாட். இழப்பே இல்லாத சிப்பு இருந்தால் இது. நிஜத்தில் சுத்தமாகக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான். அதற்குமேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும், அதைத்தான் நீங்கள் குரல் பிசிறுகிறது என்கிறீர்கள். 50 என்பது அந்தச் சதுர அலையை அளந்து போட்ட எண்.

அடுத்தது ஸ்பீக்கர். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் காகிதக் கோனும் சின்ன காந்தமும் இருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அதன் எடை குறைவு, கொஞ்சம் வாட்டிலேயே சத்தம் போடும். கடையில் வாங்கும் கனமான காம்போனன்ட் (ட்வீட்டர் தனி, கதவு ஸ்பீக்கர் தனி) ஸ்பீக்கர் பலவும் அப்படியல்ல. அதன் சென்சிடிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) 3 டெசிபல் குறைவாக இருந்தால், பழைய சத்தத்தையே எட்ட இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். இதனால்தான் நிறையப் பேர் 8,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் மாற்றிவிட்டு, முன்பைவிடச் சத்தம் குறைந்துபோச்சே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். ஆம்ப் போடும் எண்ணம் இல்லையென்றால் சென்சிடிவிட்டி 90-க்கு மேல் இருக்கும் ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குங்கள்.

கையில் 35,000 இருப்பதால் என் ஓட்டு, செட்டைத் தொடாமல் அதன் பின்னால் டிஎஸ்பி (சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் சிப்பு) உள்ளே இருக்கும் நான்கு சேனல் ஆம்ப் ஒன்றை வைப்பதற்கு.

#6 · டிக்கிசப்

செட்டிலிருந்து வரும் சிக்னலே மட்டம் என்றால் பின்னால் எதை வைத்து என்ன பயன்? ஆண்ட்ராய்டு செட் போட்டால் ஆம்புக்குத் தனி அவுட்புட் சுத்தமாக வரும். திரையும் பெரிது. 12 அங்குலத்தை விட்டுத் தருகிறேன், இதை விடமாட்டேன்.

#7 · ஸ்பேனர்செட்

பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது டேஷ்போர்டில் இருந்தது 180-க்கு 50 மில்லிமீட்டர் சிங்கிள் டின் ஓட்டை. உலகத்தில் எந்த பிராண்டு செட்டும் அதில் உட்காரும், நான்கு ஸ்க்ரூவில் வேலை முடிந்தது. இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவத் திரை. கேமரா, பார்க்கிங் சென்சார், சிலவற்றில் ஏசி அமைப்பும் வண்டியின் செட்டிங்கும்கூட அதற்குள்ளேதான். கழற்றினால் ஒவ்வொன்றையும் மறுபடி பேசவைக்கத் தனித்தனி டப்பா. வெளி ஃப்ரேமின் நிறம் டேஷ்போர்டோடு பொருந்தவே பொருந்தாது, பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். கேட்டவருக்கு வேண்டியது அதுவா?

சிக்னல் மட்டம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மலிவு ஸ்பீக்கர் தாங்க வேண்டுமென்று சிக்னலைக் கொஞ்சம் திரித்துத்தான் அனுப்புவார்கள். சில செட்டுகளில் வால்யூமைக் கூட்டக் கூட்ட பேஸ் தானாகக் குறையும். டிஎஸ்பி எதற்கென்றால் அதற்குத்தான். ஸ்பீக்கர் ஒயரில் வரும் சிக்னலையே ஹை லெவல் இன்புட்டில் வாங்கி, திரிப்பை நிமிர்த்தி, பெரிதாக்கி அனுப்பும். நீங்கள் நெடுஞ்சாலையில் வழக்கமாக வைக்கும் வால்யூமில் வைத்து நிமிர்த்தச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஒயரை வெட்டவும் வேண்டாம். உங்கள் மாடலுக்கு ஆணும் பெண்ணுமாக கப்ளர் வைத்த ஹார்னஸ் ரெடியாகக் கிடைக்கும். செட்டின் பின்னால் இருக்கும் கப்ளரைப் பிடுங்கி, நடுவில் இதைச் சொருகினால் ஆயிற்று. விற்கும் அன்றைக்கு இதைப் பிடுங்கிவிட்டுப் பழைய கப்ளரை மாட்டினால் வண்டி 2019-க்குத் திரும்பிவிடும். வாரண்டி பாக்கி இருப்பவர்களுக்கு இது முக்கியம். வெட்டிய ஒயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டருக்குக் கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

போஸ், சோனி, ஹர்மன் என்று பெயர் போட்டு வரும் வண்டிக்காரர்கள் இதை அப்படியே செய்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் தனி ஆம்ப் ஏற்கெனவே உள்ளே இருக்கும், ஸ்பீக்கர் 4 ஓமாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக வெட்டிக்கொடுத்த சிக்னல்தான் போகும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் கெடுக்கும் வாய்ப்புதான் அதிகம். வண்டிக்கென்றே அளந்து செய்து வாங்கும்போதே மாட்டி வரும் இந்த வழக்கத்தை 1983 மாடல் காடிலாக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இன்று நம் ஊர் வண்டிகளிலும் சாதாரணம்.

ட்வீட்டருக்கு ஒரு சின்ன தந்திரம். மேல் மாடலில் வரும் ஜாலி வைத்த மூடியைக் கம்பெனி ஸ்பேர் கவுண்டரில் பார்ட் நம்பர் சொல்லிக் கேளுங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் சமாச்சாரம். அதை மாட்டினால் உங்கள் வண்டி டாப் மாடல் மாதிரித்தான் தெரியும், எவருக்கும் சந்தேகம் வராது. சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையிலும் தேடிப் பார்க்கலாம். முன் தூணில் துளை போட்டு ட்வீட்டர் வைப்பது அழகாக இருக்கும், ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தத் தூண் மூடிக்குப் பின்னால்தான் பை மடித்து வைத்திருக்கும். அங்கே எதையும் ஒட்டாதீர்கள்.

#8 · வடலி · யாழ்ப்பாணம்

வணக்கம் அண்ணை. எங்கட பக்கம் கம்பெனி செட்டை வைத்திருக்க வேண்டும் என்றால் வேறொரு தலையிடி. இங்கே ஓடும் வாகனங்களில் பாதி ஜப்பானில் பாவித்துவிட்டு இறக்கியவை. என்னுடையது டொயோட்டா விட்ஸ். அங்கத்தைய எஃப்எம் அலைவரிசை 76-இல் தொடங்கும், பழைய செட்டுகளில் 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். எங்கட வானொலிகள் எல்லாம் 88-க்கும் 108-க்கும் இடையில். செட் நல்ல வடிவாக வேலை செய்யும், ஒரு நிலையமும் பிடிக்காது.

செட்டை மாற்ற மனமில்லாதவர்கள் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஏரியல் ஒயருக்கும் செட்டுக்கும் இடையில் பூட்டுவார்கள். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்குவது என்றால் 100-இல் வரும் நிலையம் திரையில் 88 என்று காட்டும். 102-க்கு மேலே இருப்பவை அகப்படாது. அம்மா இரண்டு நாளில் புது நம்பர்களைப் பாடமாக்கிவிட்டா.

ஒன்று கேட்கவேண்டும். கதவு வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுகினம். எனக்குத் தெரிந்த ஒருவர் கழற்றிப்போட்டுத் திரும்பப் பூட்ட, செட் கோட் கேட்டு நின்றுவிட்டது. ஜப்பான் மொழியில் கேட்டது. மதுரை அண்ணை, உங்கட செட்டுக்கும் கோட் ஏதும் இருக்கிறதா என்று முதலே பார்த்துவையுங்கோ.

#9 · பழையரேடியோ · சேலம்

தம்பிகளே, கம்பெனி செட்டைக் காப்பாற்றுவது பற்றி இவ்வளவு பேச்சைப் படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. என் பத்மினி கார் வந்தபோது செட் என்று ஒன்றும் கிடையாது. டேஷ்போர்டில் ரேடியோவுக்கு இடம் விட்டு ஒரு தகடு மூடியிருக்கும், வேண்டுமானால் வெளியே வாங்கி வைத்துக்கொள் என்று அர்த்தம். வீட்டு ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

இருந்தாலும் உங்கள் வியாதி எனக்கும் உண்டு. இரண்டு குமிழ், நடுவில் முள் நகரும் கண்ணாடி வைத்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மாற்ற மனசு வரவில்லை. அதன் முகத்தை அப்படியே விட்டுவிட்டு வயிற்றுக்குள் சின்ன புளூடூத் போர்டு ஒன்றை வைக்கச் செய்தேன். ட்யூனருக்கும் வால்யூம் குமிழுக்கும் நடுவில் சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், வால்யூம் அந்தக் காலத்துக் குமிழிலேயே கூடிக் குறைகிறது. பேத்தி போனில் பாட்டுப் போடுவாள், நான் குமிழைத் திருகுவேன். பார்ப்பவர்கள் ஏஎம் ரேடியோவில் இவ்வளவு தெளிவா என்று வாயைப் பிளப்பார்கள்.

பழைய வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்துக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். இக்காலத்துப் போர்டை அப்படியே இணைத்தால் புகைதான் வரும்.

#10 · கதவுச்சத்தம்

மூன்று வாரம் ஆயிற்று. வேலை முடிந்தது என்று சொல்ல ஆசை, ஆனால் முழுசாக முடியவில்லை.

முன் கதவு இரண்டையும் நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்தோம். கையை இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். டோர் பேட் கிளிப் ஏழு உடைந்தது. பேடை மூடிவிட்டுப் பழைய ஸ்பீக்கரிலேயே ஒரு தனி ஆவர்த்தனம் போட்டுப் பார்த்தோம். ஸ்பேனர்செட் அண்ணன் சொன்னது உண்மை, ஸ்பீக்கரையே மாற்றாமல் தொப்பி கேட்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் காம்போனன்ட் ஸ்பீக்கர், ஆம்ப், ஹார்னஸ் எல்லாம் வாங்கி ஒரு கடையில் கொடுத்தேன். ஒயரை வெட்டக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முன் ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். ஹார்னஸ் பெட்டியிலேயே இருக்கிறது. கேட்டால், இதுதான் சார் ஸ்ட்ராங் என்றார்கள்.

போதாததற்கு இப்போது ஒரு விசில். தம்புரா சுருதிக்குப் பின்னால் இன்னொரு சுருதி ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் மேலே ஏறுகிறது. நிறுத்தி இன்ஜினை அணைத்தால் போய்விடுகிறது.

#11 · மின்னல்விசை

ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) விசில். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குவதே அடையாளம். பெரும்பாலும் எர்த் பிரச்சினைதான். ஆம்பின் எர்த்தும் செட்டின் எர்த்தும் வண்டியின் வெவ்வேறு இடத்தில் இருந்து, ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் மிகச் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் நிற்கும். அந்த வித்தியாசம் சிக்னலோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். ஆம்ப் எர்த் எங்கே பிடித்திருக்கிறார்கள், பெயிண்டைச் சுரண்டினார்களா, பவர் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே பக்கமாக ஓடுகின்றனவா, மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.

#12 · ஸ்பேனர்செட்

அப்படியே ஃபியூஸையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பவர் ஒயரில் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது ஆம்புக்குக் காவல் என்று பலரும் நினைக்கிறார்கள். காவல் ஒயருக்கு. இன்ஜின் அறைத் தடுப்புத் தகரத்தில் உராய்ந்து தோல் கிழிந்தால் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஒயரில் பாயும், ஃபியூஸ் இல்லையென்றால் தீதான். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒயர் நுனியை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே தடிமனுக்குச் செம்பைவிட அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதனால் ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும்.

வெட்டினதைப் பற்றி வருத்தப்படாதீர்கள், மறுபடி சேர்க்கலாம். ஆனால் முறுக்கி டேப் சுற்றினது வெயிலில் ஒரு கோடைக்குத் தாங்காது, பசை இளகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடச் சொல்லுங்கள். வேறு கடையில்.

#13 · கதவுச்சத்தம்

பார்த்தேன். எர்த் ஒயரை சீட் ஸ்க்ரூவில் பெயிண்டோடு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். பவர் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் ஒரே கட்டாக டை போட்டிருக்கிறது. ஃபியூஸ் இருக்கிறது, ஆனால் ஆம்புக்குப் பக்கத்தில், டிரைவர் சீட்டுக்கு அடியில். பேட்டரியிலிருந்து அங்கே வரைக்கும் காவலே இல்லை. இதைப் படித்திருக்காவிட்டால் இப்படியே ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து மூன்றையும் மாற்றினேன். சீட்டுக்கு அடியில் கை விடும்போது மஞ்சள் கப்ளர் ஒன்று இருந்தது. அவர் தொடவே இல்லை, ஏர்பேக் ஒயர், சாவி போட்ட நிலையில் பிடுங்கினால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்து சர்வீஸ் சென்டரில் போய்த்தான் அணைக்க வேண்டும் என்றார். வெட்டிய ஒயரைச் சால்டர் வைத்துச் சேர்த்துவிட்டு ஹார்னஸையும் சொருகியாயிற்று. எர்த் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி மாட்டியதுமே விசில் போய்விட்டது.

இப்போது ட்வீட்டருக்கு இரண்டு சேனல், கதவு ஸ்பீக்கருக்கு இரண்டு சேனல். பின் கதவு ஸ்பீக்கர் பழையபடி கம்பெனி செட்டிலேயே ஓடுகிறது. டிஎஸ்பியில் எண்களை எப்படிப் போடுவது? கடையில் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் விட்டிருக்கிறார்கள்.

#14 · மின்னல்விசை

முதலில் ஒரு சோதனை. ஒரு கதவு ஸ்பீக்கருக்கு மட்டும் டிஎஸ்பியில் போலாரிட்டியை (பிளஸ், மைனஸ்) திருப்புங்கள். பேஸ் கூடினால் ஒயர் எங்கோ தலைகீழாக மாட்டியிருக்கிறது. குறைந்தால் சரி, பழையபடி வைத்துவிடுங்கள்.

அடுத்து ட்வீட்டருக்கு 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் போகும்படி வையுங்கள், கதவுக்கு அதற்குக் கீழே. சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல். சப் இல்லாததால் கதவுக்குக் கீழ் எல்லையை 55 அல்லது 60 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுங்கள். அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கரால் சத்தம் வராது, கோன் மட்டும் வீணாகக் குதிக்கும். முதல் முறை வால்யூமை அடியில் வைத்து ஆரம்பியுங்கள். இந்த வெட்டைப் போடாமல் ட்வீட்டரை நேராக ஆம்பில் ஓட்டினால் ஒரே பாட்டில் எரிந்துவிடும்.

டைம் அலைன்மென்ட்தான் இதில் மந்திரம். நாம் வலப்பக்கம் உட்கார்கிறோம். வலக் கதவின் சத்தம் முதலில் வரும், இடக் கதவு தாமதமாக. காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் வைத்து அளங்கள். சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வலம் 85, இடம் 135 என்றால் வித்தியாசம் 50, ஆக வலக் கதவை ஏறக்குறைய 1.5 மில்லிசெகண்ட் காக்கவைக்க வேண்டும். ட்வீட்டரையும் இதே மாதிரி. தூரமாக இருப்பதற்கு பூஜ்யம், மற்றவை அதை ஒப்பிட்டு. முடித்ததும் பாடகர் கதவுக்குள்ளிருந்து எழுந்து டேஷ்போர்டின் நடுவில் உட்காருவார்.

பின் ஸ்பீக்கரை செட்டின் ஃபேடரில் (முன், பின் சத்தத்தைப் பிரிப்பது) நன்றாகக் குறைத்துவிடுங்கள். கச்சேரி முன்னால்தானே நடக்கிறது? பின்சீட்டில் ஆள் இருக்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

#15 · டிக்கிசப்

சப்பே இல்லாமல் விட்டுவிடப் போகிறீர்களா? மனசு கேட்கவில்லை. சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குலத் தட்டை சப் இருக்கிறது, ஆம்பும் உள்ளேயே. கண்ணுக்கும் தெரியாது, அரிசி மூட்டைக்கும் தொந்தரவில்லை. இதற்குமேல் என்னால் இறங்கி வர முடியாது.

#16 · ஸ்பேனர்செட்

இந்தத் தடவை இவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ஆளை உட்காரவைத்து உயரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், உட்காரும்போது சீட் கீழே இறங்கும். பின்சீட்டுக்கு ஏசி காற்றுப் போகும் குழாய் சில வண்டிகளில் அங்கேதான் ஓடும், அதை அடைத்துவிடாதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க மறந்தேன். கதவு ஸ்பீக்கருக்கு அடியில் வைத்த வளையம் எதில் செய்தது? எம்டிஎஃப் (மர நார் பலகை) என்றால் முதல் ஐப்பசி மழையில் அப்பளம் மாதிரி ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையமாக மாற்றிவிடுங்கள். கண்ணாடியை முழுசாக இறக்கி, காந்தத்தில் இடிக்கவில்லை என்றும் ஒரு தடவை பாருங்கள்.

#17 · கதவுச்சத்தம்

வளையம் பிளாஸ்டிக்தான். கண்ணாடி இடிக்கவில்லை. சப் தீபாவளிக்கு அப்புறம், கை காலியாக இருக்கிறது. கிளிப், டீ எல்லாம் சேர்த்து 34,600.

எண்களைப் போட்டேன். மின்னல்விசை அக்கா, பாடகர் எழுந்து வந்துவிட்டார். ஸ்டீயரிங்குக்கு நேரே இல்லை, கொஞ்சம் இடப்பக்கம், ரியர் வியூ கண்ணாடிக்குக் கீழே. மிருதங்கம் அவருக்கு வலப்பக்கம், வயலின் இடப்பக்கம் என்று இடம் தெரிகிறது. நேற்று திருமங்கலம் தாண்டி விருதுநகர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன், வேறு வேலை எதுவும் இல்லை. ஓட்டைகளை அடைத்ததில் வெளிச்சத்தமும் குறைந்திருக்கிறது, இதை யாரும் சொல்லவில்லையே.

ஆனால் ஒரு புதுத் தொல்லை. தவில் வரும் இடங்களில் மட்டும் டேஷ்போர்டில் எங்கேயோ கிர்ரென்று அதிர்கிறது. டோர் பேட் கிளிப் எல்லாம் புதிது. ட்வீட்டர் மூடி இறுக்கமாக இருக்கிறது.

#18 · ஸ்பேனர்செட்

சீட் பெல்ட் பக்கிள், மூக்குக்கண்ணாடி வைக்கும் டப்பா, டேஷ்போர்டு டப்பாவுக்குள் சில்லறை, முன் நம்பர் பிளேட். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிக்கொண்டே அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள். சத்தம் எங்கே நிற்கிறதோ அதுதான்.

#19 · பழையரேடியோ

டேஷ்போர்டின் மேலே சாமி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

#20 · கதவுச்சத்தம்

ஐயா, பிள்ளையார்தான். பித்தளை. அடியில் ஒட்டியிருந்த டேப் வெயிலில் காய்ந்துபோய் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். எடுத்து உள்ளே வைக்கலாம் என்றால் அப்பா விடவில்லை. ஹார்மோனியப் பெட்டிக்குள் ஒட்டும் ஃபெல்ட் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி அடியில் ஒட்டிவிட்டேன். இப்போது தவிலுக்கும் அசையவில்லை.